ஸ்பேம் லிங்க் போட்டு மேல நிக்கற சைட்டோட எப்படி மோதறது? கடைக்காரங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க

கோயம்புத்தூர்ல சின்னக் கடைங்க, ஒர்க்‌ஷாப், ரெண்டு மூணு க்ளினிக்னு இவங்களுக்கு சைட் பாத்துக்கறது தான் என் பொழப்பு, பதினாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. வாட்ஸ்அப்ல வாரத்துக்கு நாலு பேராவது இதே புலம்பல். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை கட்டிக்குது, அதான் எழுதியே வெச்சுட்டேன்.

அண்ணா, போட்டிக் கடை சைட்டுக்கு 4,200 பேக்லிங்க் காட்டுது, எனக்கு 35 தான். அதனால தான அவங்க முதல் இடத்துல இருக்காங்க?

இதக் கேட்டது கிரைண்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கற ஒரு தம்பி. பேக்லிங்க்னா வேற சைட்ல இருந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க், அத ரேங்க்குக்காகவே காசு கொடுத்தோ மெஷின் வெச்சோ ஒட்டினா ஸ்பேம் லிங்க். டூல்ல எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டோட வந்தாரு, ராத்திரி பூரா தூங்கல போல. மொத்த நம்பர மறந்துடுங்க தம்பி, லிஸ்ட்ட எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ஒரு டீ சொல்லிட்டு வரிசையா பாப்போம்னேன். பாத்தோம். 4,200ல மூவாயிரத்துச் சொச்சம் ஒரே ஒரு ஃபர்னிச்சர் சைட்ல இருந்து வருது, அந்த சைட்டோட எல்லா பக்கத்துக்கு அடியிலயும் இவங்க லிங்க் ஒட்டிக்கிட்டு நிக்குது, டூலு பக்கத்துக்கு ஒண்ணுன்னு எண்ணித் தள்ளியிருக்கு. மிச்சத்துல பாதி யாருமே திறக்காத டைரக்டரி, அதாவது சைட் பேரா அடுக்கி வெச்ச லிஸ்ட் சைட், அப்புறம் எங்கயோ கணக்கு ஆரம்பிச்சு போட்ட ப்ரொஃபைல் லிங்க், வியட்நாம் மொழில ஒரு கேசினோ சைட்டோட கமெண்ட் பகுதி, இப்படி. எல்லாத்துலயும் ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது லிங்க்கா க்ளிக் பண்ற வார்த்தை, எழுத்து மாறாம ஒண்ணே, "பெஸ்ட் வெட் கிரைண்டர் டீலர் இன் கோயம்புத்தூர்". மனுசங்க தானா லிங்க் கொடுத்தா "இந்தக் கடைல வாங்கினேன்"னு ஒருத்தர், கடை பேர தப்பா எழுதி ஒருத்தர், வெறும் அட்ரஸ மட்டும் ஒட்டி ஒருத்தர்னு விதவிதமா தான வரும்?

கழிச்சுக் கட்டிப் பாத்தா உருப்படியா தேறினது பன்னெண்டு. ஆனா அந்தப் பன்னெண்டுல தான் சமாச்சாரமே இருக்கு. ரெண்டு கிரைண்டர் கம்பெனியோட டீலர் லிஸ்ட் பக்கம், ஒரு நாளிதழ்ல வந்த செய்தி, அமெரிக்காவுல இருந்து சமையல் எழுதற ஒரு அம்மா தன்னோட 110 வோல்ட் கிரைண்டருக்கு பெல்ட் இவங்ககிட்ட தான் வரவழைச்சேன்னு எழுதினது. இது போக, ஜனங்க அந்தக் கடை பேரப் போட்டே கூகுள்ல தேடறாங்க, சைட்ல எந்த மாடலுக்கு எந்த பெல்ட்னு ஒரு அட்டவணை கிடக்கு. நம்ம தம்பி சைட்ல என்ன இருந்துச்சுங்கறீங்க? "தரமான பொருட்கள், நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்." கீழ ஒரு போன் நம்பர். அவ்ளோதான்.

அதனால அந்த 4,188 குப்பை லிங்க்கால தான் அவங்க மேல இருக்காங்கன்னு நெனைக்கறது, பக்கத்து வீட்டுக்காரர் நெத்தியில பெரிய நாமம் போட்டிருக்காரு அதான் ப்ரமோஷன் வந்துச்சுன்னு சொல்ற மாதிரி.

லிங்க்குக்கு ஏன் இவ்ளோ மவுசு வந்துச்சு?

கூகுள் பொறந்ததே அந்தக் கணக்குல தான். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டுல படிக்கும்போது 1998ல வெளியிட்ட கட்டுரையில, ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் கொடுக்கற லிங்க்க ஓட்டு மாதிரி எடுத்துக்கலாம், பெரிய ஆளு போடற ஓட்டுக்கு மதிப்பு கூடன்னு சொன்னாங்க, அதுக்குப் பேரு பேஜ்ரேங்க். ஓட்டுன்னு வந்துட்டா காசு வராம இருக்குமா, நமக்குத் தெரியாததா. ப்ரௌசர்ல போட்டுக்கற கூகுள் டூல்பார்ல அந்த பேஜ்ரேங்க் மார்க் பத்துக்கு இத்தனைன்னு பச்சைக் கோடா எல்லாருக்கும் தெரியும், அத வெச்சே லிங்க்குக்கு ரேட் பேசினாங்க. 2016ல தான் அந்த மார்க்க வெளியில காட்டறத நிறுத்தினாங்க. சந்தை மட்டும் நிக்கல.

இவ்ளோ பெரிய கம்பெனி, இந்தக் குப்பை லிங்க்கெல்லாம் அவங்க கண்ணுக்குத் தெரியலையா?

தெரியுது. 2012 ஏப்ரல் 24ல பெங்குவின்னு ஒரு அப்டேட் விட்டாங்க, இங்கிலீஷ் தேடல்கள்ல சுமார் 3.1 சதவீதம் ஆடிப்போச்சுன்னு அவங்களே சொன்னாங்க. அப்ப பெங்குவின்ல அடிபட்டா மொத்த சைட்டே கீழ போயிடும், லிங்க்கெல்லாம் க்ளீன் பண்ணாலும் அடுத்த அப்டேட் ஓடற வரைக்கும் காத்துக் கிடக்கணும், கடைசியா ஒரு தடவ ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட காத்திருந்தாங்க ஜனங்க. 2016 செப்டம்பர்ல அத மாத்தினாங்க. பெங்குவின் எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கற மாதிரி ஆச்சு, கூடவே இன்னொண்ணு, ஸ்பேம் லிங்க்க பாத்தா சைட்டத் தண்டிக்கறதுக்குப் பதிலா அந்த லிங்க்க மட்டும் செல்லாததா ஆக்கிடறது. 2022 டிசம்பர்ல ஸ்பேம்ப்ரெய்ன்ங்கற அவங்க ஏஐ சிஸ்டத்த லிங்க் வாங்கற சைட், விக்கற சைட் ரெண்டையும் மோப்பம் பிடிக்க இறக்கினாங்க.

"இவ்ளோ ஸ்பேம் பண்ணியும் அவங்களுக்கு தண்டனையே இல்லையே"ன்னு எல்லாரும் கொதிக்கறாங்க இல்ல, அதுக்குப் பதிலு இதுல தான் இருக்கு. கள்ள நோட்டு கொடுத்தவர போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கல, நோட்ட மட்டும் கல்லாவுல போடாம ஓரமா வெச்சுட்டாங்க. வெளில இருந்து பாக்கற நமக்கு அவரு கட்டுக் கட்டா நீட்டறது தான் தெரியும், கல்லாவுல எவ்ளோ விழுந்துச்சுன்னு எந்த டூலும் காட்டாது.

அப்ப ஸ்பேம் லிங்க் வேலையே செய்யாதுங்கறீங்களா?

அப்படிச் சொன்னா பொய். செய்யுது, சில இடத்துல, கொஞ்ச நாளைக்கு. போட்டி கம்மியா இருக்கற தேடல்ல, உள்ளூர் சர்வீஸ்ல, பத்து ரிசல்ட்டுல எட்டு அரைகுறையா இருக்கற இடத்துல, சுமாரான லிங்க் கூட ஒருத்தர தூக்கி விட்டுடும். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், பெஸ்ட் கன்ட்ரோல், லோன், சூதாட்டம், இதெல்லாம் தேடிப் பாருங்க, ஒரே ஆளு பத்து டொமைன்ல, அதாவது பத்து சைட் அட்ரஸ்ல, நிப்பாரு. காலாவதி ஆன பழைய டொமைன்ன, அதாவது ஏதோ ஒரு ஸ்கூலோ சங்கமோ ரெனியூ பண்ணாம விட்டத வாங்கி, அதுக்கு ஏற்கனவே இருக்கற நல்ல பேர வெச்சு கேசினோ ஓட்டறது ஒரு தனித் தொழில். 2024 மார்ச்ல கூகுள் ஸ்பேம் விதிகள்ல இதையும் பேரு சொல்லியே சேத்தாங்க. அதுக்கு முன்னாடி எத்தன வருஷம் ஓடுச்சுன்னு நெனச்சுப் பாருங்க.

அவங்க கணக்கு வேற, அதப் புரிஞ்சுக்கணும். இந்த டொமைன் ஆறு மாசம் நின்னா போதும், அடி விழுந்தா அடுத்தது ரெடியா இருக்கு. நீங்க போர்டுல தாத்தா பேரு எழுதி, அதே பேருல விசிட்டிங் கார்டு, பில் புக்கு, ஜிஎஸ்டி எல்லாம் வெச்சுக்கிட்டு அந்த ஆட்டத்துக்குப் போக முடியாது.

சரி, நானும் ஒரு நூறு லிங்க் வாங்கிட்டா என்ன ஆயிடும்?

நான் வாங்கியிருக்கேன். 2011ல, இந்தத் தொழிலுக்கு வந்த புதுசு, ஒரு பார்ட்டிகிட்ட 1,500 ரூபாய்க்கு 500 டைரக்டரி சப்மிஷன் பேக்கேஜ், ஒரு வாட்டர் ஹீட்டர் சர்வீஸ்காரருக்காக. நாலு மாசத்துல முதல் பக்கம் வந்துடுச்சு, அவரு எனக்கு தீபாவளிக்கு சட்டைத் துணியெல்லாம் எடுத்துக் கொடுத்தாரு. அடுத்த ஏப்ரல்ல பெங்குவின். ஒரு வாரத்துல சைட்டு எந்தப் பக்கத்துல இருக்குன்னு தேடித் தேடி எனக்கு விரல் வலிச்சுது. அவரு கோவிச்சுக்கக் கூட இல்ல, "போன் வர்லையே தம்பி, லைன் எதாச்சும் கட் ஆயிருக்கா"ன்னு தான் கேட்டாரு. அந்தக் குரல் இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த 500 டைரக்டரிக்கும் லிங்க்க எடுத்துடுங்கன்னு மெயில் போட்டேன், பாதி பேரு பதிலே போடல, சிலர் எடுக்கறதுக்குத் தனியா காசு கேட்டாங்க.

பெரியவங்களும் மாட்டியிருக்காங்க. அமெரிக்காவோட ஜேசிபென்னி, 2011 பிப்ரவரில நியூயார்க் டைம்ஸ் அவங்க கதைய எழுதுச்சு, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கத்துல இருந்து லிங்க். ஒரு லக்கேஜ் பை தேடல்ல முதல் இடத்துல இருந்தவங்க ரெண்டே மணி நேரத்துல 71வது இடம். பாட்டு வரி சைட்டு ராப் ஜீனியஸ், 2013 கிறிஸ்மஸ் அன்னிக்கு அடி வாங்கினாங்க, சைட்டோட சொந்தப் பேரத் தேடினாக் கூட முன்னாடி வரல, பத்து நாள்ல திரும்பி வந்துட்டாங்க. இதவிட வேடிக்கை, 2012 ஜனவரில கூகுள் தன்னோட குரோம் பக்கத்தையே அறுபது நாளுக்குக் கீழ தள்ளிச்சு, காசு கொடுத்து எழுத வெச்ச போஸ்ட்ல லிங்க் வந்துடுச்சுன்னு. பத்து நாள்ல திரும்பி வர்றதுக்கு அவங்ககிட்ட ஆள் படையும், எழுதறதுக்கு பத்திரிகையும் இருக்கு. வாட்டர் ஹீட்டர்காரருக்கு நான் ஒருத்தன் தான் இருந்தேன்.

டிஏ 50 இருக்கற சைட்ல கெஸ்ட் போஸ்ட், 2,000 ரூபான்னு தினமும் மெயில் வருதே?

கெஸ்ட் போஸ்ட்னா அடுத்தவங்க சைட்ல நம்ம லிங்க்கோட ஒரு கட்டுரை போடறது. டிஏங்கறது ஒரு சைட்டு எவ்ளோ பலமா இருக்குன்னு மாஸ்னு ஒரு கம்பெனி போடற மார்க், டிஆர்ங்கறது அதே மாதிரி ஏரெஃப்ஸ்ங்கற லிங்க் டூல் கம்பெனி போடறது. ரெண்டையும் கூகுள் பயன்படுத்தறது கிடையாது. அந்த மார்க்க ஏத்தி விடறதுக்குன்னே தனியா ஆளுங்க இருக்காங்க, அதுவும் ஒரு பேக்கேஜ் தான். மெயில்ல வந்த சைட்டத் திறந்து பாருங்க, முதல் கட்டுரை ஹோம் லோன், ரெண்டாவது முடி கொட்டறதுக்கு எண்ணெய், மூணாவது ஆன்லைன் ரம்மி, நாலாவது நாய் வளக்கறது. அது லிங்க் விக்கற சந்தை, உங்க கிரைண்டர் அங்க அஞ்சாவதா போய் உக்காரும். காசு கொடுத்து விளம்பரமா போடறதுல தப்பே இல்ல, ஆனா அந்த லிங்க்ல ஸ்பான்சர்டு இல்லன்னா நோஃபாலோ குறி, அதாவது இத ஓட்டா எண்ணாதீங்கன்னு கூகுளுக்குச் சொல்ற குறி, இருக்கணும். அந்தக் குறியோட தர்றியான்னு கேட்டுப் பாருங்க, மெயில் அதோட நின்னுடும்.

போட்டிக்காரங்கள கூகுள்ல புகார் பண்ணலாமா?

ஸ்பேம் ரிப்போர்ட் படிவம் இருக்கு, அஞ்சு நிமிசம் தான், போடுங்க. போட்டுட்டு மறந்துடுங்க. நாளைக்கே தூக்கிடுவாங்கன்னு ரீஃப்ரெஷ் பண்ணிக்கிட்டு உக்காந்தா உங்க கடை வேலை தான் கெடும்.

எங்க சைட்டுக்கே எவனோ கேசினோ லிங்க் அடிச்சு விட்டுட்டான். டூல்ல "டாக்ஸிக் 68 சதவீதம்"னு செவப்பா காட்டுது. டிஸ்அவோ பண்ணட்டுமா?

பொறுங்க. ஓரளவுக்கு வயசான எந்த சைட்ட எடுத்தாலும் இந்த மாதிரி குப்பை லிங்க் வந்து சேரத்தான் செய்யும், பெரும்பாலும் யாரும் வேணும்னு பண்றது கூட இல்ல, தானா ஓடற ப்ரோக்ராம் நெட்டுல இருக்கற எல்லாத்தையும் அள்ளி ஒட்டிக்கிட்டே போகும். அந்த டாக்ஸிக் மார்க் டூல் கம்பெனி கண்டுபிடிச்சது, செவப்பா காட்டினா தான உங்களுக்கு பயம் வரும், பயம் வந்தா தான அடுத்த மாச சந்தா வரும். கூகுள் இதயெல்லாம் தானாவே ஒதுக்கிடுது.

டிஸ்அவோங்கற வசதிய 2012 அக்டோபர்ல கொடுத்தாங்க. ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல, வரிக்கு ஒண்ணா, இந்த டொமைன்ல இருந்து வர்ற லிங்க்க கணக்குல எடுக்காதீங்கன்னு எழுதிக் கொடுக்கறது, ஒரு லட்சம் வரி, 2 எம்பி வரைக்கும். ரெண்டே சமயத்துல தான் நான் அதத் தொடுவேன்: சர்ச் கன்சோல்ல (நம்ம சைட்டு தேடல்ல எப்படி இருக்குன்னு காட்டற கூகுளோட வசதி) மேனுவல் ஆக்ஷன், அதாவது கூகுள் ஆளே பாத்து கொடுக்கற தண்டனை, வந்தா, இல்ல நானோ எனக்கு முன்னாடி சைட் பாத்த ஆளோ காசு கொடுத்து லிங்க் வாங்கினது உறுதியாத் தெரிஞ்சு, அது அடிக்கு வழி பண்ணிடும்னு தோணினா. மத்தபடி டூல் கொடுத்த லிஸ்ட்ட அப்படியே ஏத்தினா என்ன ஆகும்னா, ஒரு ஹோட்டல்காரர் தன்னப் பத்தி நல்லா எழுதின ஒரு பழைய தமிழ் சைட்ட, பாக்க அழுக்கா இருக்குன்னு டூல் சொன்னதக் கேட்டு அவரே தள்ளுபடி பண்ணிட்டாரு. ஏழு மாசம் கழிச்சு நான் தான் அத லிஸ்ட்ல இருந்து எடுத்தேன். பிங் 2023ல அவங்க டிஸ்அவோ வசதியவே மூடிட்டாங்க, அவசியம் இல்லன்னு.

மேனுவல் ஆக்ஷன் வந்துட்டா?

அது வேற. மெஷின் இல்ல, ஆளு பாத்து கொடுத்தது, சர்ச் கன்சோல்ல மெசேஜே இருக்கும். வாங்கின லிங்க்க எல்லாம் முடிஞ்ச வரைக்கும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க, யார் யார்கிட்ட எப்ப கேட்டீங்கன்னு ஒரு ஷீட்ல குறிச்சு வைங்க, எடுக்காதத டிஸ்அவோ பண்ணுங்க, அப்புறம் ரீகன்சிடரேஷன் ரிக்வஸ்ட், அதாவது திரும்பப் பாத்து தண்டனைய எடுங்கன்னு கூகுளுக்கு ஒரு மனு. அதுல கதை விடாதீங்க. "எனக்கு ஒண்ணுமே தெரியாது, யாரோ பண்ணிட்டாங்க"ன்னு எழுதறவங்க தான் ரெண்டாவது தடவ மூணாவது தடவ எழுதிக்கிட்டு இருப்பாங்க. என்ன பண்ணோம், எவ்ளோ கொடுத்தோம், எத எடுத்துட்டோம், அவ்ளோ போதும்.

சரி, லிங்க் வாங்கக் கூடாது, புகாரும் உதவாது. அப்ப நான் என்ன தான் பண்றது?

கிரைண்டர் தம்பிக்கு என்ன பண்ணோம்னு சொல்றேன், அதுல இருந்து எடுத்துக்கோங்க.

"வெட் கிரைண்டர் கோயம்புத்தூர்"ங்கற பெரிய சொல்லுல உடனே மோதறத முதல்ல விட்டோம். சர்ச் கன்சோல்ல அவரு சைட்டு எட்டுல இருந்து இருபதாவது இடத்துக்குள்ள எந்தெந்த தேடலுக்கு வருதுன்னு பாத்தோம். அதுல இருந்தது பூரா வியாதி: கிரைண்டர் சத்தம் போடுது, மோட்டார் ஓடுது ட்ரம் சுத்தல, கரண்ட் போட்டா உம்முன்னு நிக்குது. தமிழ்லயும் தேடறாங்க, இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சும் தேடறாங்க. இதுக்கெல்லாம் அந்த 4,200 லிங்க் கடைகிட்டயும் பதில் இல்ல, வேற யாருகிட்டயும் உருப்படியா இல்ல.

அவரு கடைல ஒரு மெக்கானிக் இருக்காரு, அறுபது வயசு இருக்கும். அவர உக்கார வெச்சு ஒரு மத்தியானம் பூரா போன்ல ரெக்கார்ட் பண்ணோம். மோட்டார் ஓடற சத்தம் கேக்குது ஆனா ட்ரம் சுத்தலன்னா பெல்ட்டு தான், அறுந்திருக்கும் இல்ல லூசாகி வழுக்கும், அடிமூடியக் கழட்டிப் பாத்தா கருப்பு பொடி உதிந்து கிடக்கும். உம்முன்னு சத்தம் மட்டும் வந்து எதுவுமே சுத்தலன்னா கெப்பாசிட்டர் மேல தான் முதல் சந்தேகம். மாவு நைசா வரல, நேரம் இழுக்குதுன்னா கல்லு வழவழன்னு ஆயிருக்கும், கொத்தணும். இத அவரு சொன்ன மாதிரியே எழுதி, ஒவ்வொண்ணுக்கும் கடைலயே எடுத்த போட்டோ போட்டோம், அறுந்த பெல்ட்ட உள்ளங்கைல வெச்சு எடுத்த போட்டோ தான் இன்னிக்கு வரைக்கும் ஜனங்க வாட்ஸ்அப்ல அனுப்பி "இதே மாதிரி வேணும்"னு கேக்கறது. மாடல் வாரியா பெல்ட் அட்டவணை, விலையோட. அந்த வியாதிப் பக்கத்துல இருந்து பெல்ட் பக்கத்துக்கு, பெல்ட்ல இருந்து முக்கியமான பக்கத்துக்கு உள்ளுக்குள்ளயே லிங்க். இந்த உள் லிங்க் முழுசா உங்க கையில இருக்கு, பைசா செலவில்ல, ஆனா இதத் தொடாம வெளி லிங்க்குக்கு அலையறவங்க தான் ஜாஸ்தி.

வெளி லிங்க் வேணாம்னு சொல்லல, அதுவும் தேவை. அவரு ஏற்கனவே டீலரா இருக்கற ஒரு கம்பெனி சைட்ல டீலர் பட்டியல் இருந்துச்சு, இவரு பேரு மட்டும் இல்ல. ஒரு போன், ரெண்டு மெயில், சேத்துட்டாங்க. வியாபாரிகள் சங்கப் பக்கத்துல பழைய அட்ரஸ் இருந்துச்சு, மாத்தினோம். வெளிநாட்டுல இருக்கற ஒருத்தர் பெல்ட் வாங்கிட்டு தன் சமையல் பக்கத்துல தானாவே எழுதினாரு. வருஷம் பூரா சேத்து ஒம்போது லிங்க் தான்.

அப்புறம் மேப். உள்ளூர் கடைக்கு பாதி வியாபாரம் கூகுள் மேப்ல இருந்து தான் வருது. அதுல என்ன தேடறாங்களோ அதுக்குப் பொருத்தமா இருக்கீங்களா, எவ்ளோ தூரம், எவ்ளோ பேரு உங்களத் தெரிஞ்சு வெச்சிருக்காங்கன்னு மூணு தான் கணக்குன்னு கூகுளே சொல்லுது. கடை பேருல "பெஸ்ட் நம்பர் ஒன்"னு திணிக்காதீங்க, சரியான வகை, நேரம், போட்டோ, வாங்கினவங்ககிட்ட ரிவ்யூ கேளுங்க, திட்டின ரிவ்யூவுக்கும் மரியாதையா பதில் போடுங்க.

எத்தன மாசம் ஆகும்?

கூகுள் ஆளு ஒருத்தங்களே 2017ல ஒரு வீடியோல நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம்னு சொன்னாங்க. தம்பிக்கு வியாதிப் பக்கங்க ரெண்டு மாசத்துல மேல வர ஆரம்பிச்சுது, பெல்ட் பக்கத்துக்கு அஞ்சு மாசம் ஆச்சு. பெரிய சொல்லுல இன்னும் மூணாவது தான், அந்தக் கடை இன்னும் முதல் இடத்துல தான் இருக்கு, நியாயமாப் பாத்தா இருக்க வேண்டியது தான். பதினஞ்சு நாள்ல முதல் பக்கம்னு யாராச்சும் கேரண்டி கொடுத்தா, எந்தச் சொல்லுக்குன்னு மட்டும் கேளுங்க. உங்க கடை முழுப் பேரு, தெருப் பேரு, பின்கோடு எல்லாம் சேத்து தேடினா யாரு வேணா முதல் பக்கம் வரலாம்.

லிங்க் பாக்கற டூல் காசு கொடுத்து வாங்கணுமா?

உங்க சைட்டுக்கு வேணாம், சர்ச் கன்சோல்ல லிங்க் ரிப்போர்ட் இலவசம், ஏரெஃப்ஸும் சொந்த சைட்டுக்கு மட்டும் இலவசமா ஒண்ணு தர்றாங்க. போட்டி சைட்டப் பாக்கணும்னா ஒரே ஒரு மாசம் சந்தா கட்டி, ஃபைல இறக்கி வெச்சுக்கிட்டு, தானா கட் ஆகறத அன்னிக்கே கேன்சல் பண்ணிடுங்க. மறந்துட்டு பதினோரு மாசம் கட்டின ஆளு யாருன்னு கேக்காதீங்க.